புயலுக்கு வைத்த உருண்டை

எங்கள் தெருவுக்குப் புயல்காலப் பொறுப்பாளர்கள் என்று இரண்டு பேரைப் பஞ்சாயத்தில் எழுதிக்கொண்டார்கள். ஒன்று நான், செம்மொழி. இன்னொன்று எதிர்ச்சாரி வீட்டு ஆண்டனி. கூட்டத்தில் கையைத் தூக்கியது நாங்கள் இரண்டு பேர்தான். ஊருக்கு உழைக்க வந்த பிள்ளைகள் என்று எல்லோரும் பாராட்டினார்கள். பொய் சொல்வானேன், நாலு பேர் முன்னால் பயமில்லாமல் அவனோடு நின்று பேச எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது.

நானும் ஆண்டனியும் கல்யாணம் செய்துகொள்வது என்று எப்போதோ முடிவு செய்துவிட்டோம். வீட்டில் சொல்லத்தான் இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை. சாமி வேறு என்பது பெரிய விஷயமில்லை. எங்கள் தெருவில் பாதி வீட்டில் சிலுவை, பாதி வீட்டில் காளி. பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் தட்டு மாறிக்கொண்டேதான் இருக்கும். சிக்கல் எங்கள் அப்பாக்கள். என் அப்பா ஐயாவுவும் அவன் அப்பா அருள்சாமியும் ஒருவரையொருவர் மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டு ஒரே வண்டியில் உரமூட்டை ஏற்றி வந்தவர்கள். போன உள்ளாட்சித் தேர்தலில் இரண்டு பேரும் ஒரே வார்டுக்கு நின்றார்கள். இரண்டு பேரும் தோற்றார்கள். நீ நிற்காமல் இருந்திருந்தால் நான் ஜெயித்திருப்பேன் என்று அவர் இவரையும் இவர் அவரையும் சொல்லி, அன்றோடு பேச்சு நின்றுபோனது. ஜெயித்த ஆளோடு மட்டும் இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துப் பேசுவார்கள். அதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் பயிற்சி வைத்தார்கள். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு அவசரப் பெட்டகம் இருக்க வேண்டும். கயிறு, டார்ச், மருந்து, மெழுகுவத்தி, அப்புறம் கெட்டுப்போகாத தின்பண்டம். தின்பண்டத்துக்கு பிஸ்கட் வாங்கி வைத்துவிடுங்கள் என்று பயிற்சி கொடுத்தவர் சொன்னதும் நான் எழுந்துவிட்டேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதில்லை.

கஜா புயல் வந்தபோது எங்கள் தெருவில் கூரை, ஓடு ஒன்றும் மிஞ்சவில்லை. மாடி உள்ள ஒரே வீடு அருள்சாமி மாமா வீடு. தெருவே அங்கேதான் கிடந்தது. தென்னையெல்லாம் வாசலில் சாய்ந்து கிடக்க, காலையில் இளநீர், மத்தியானம் தேங்காய், ராத்திரி மறுபடியும் தேங்காய். யாரோ கொண்டுவந்த பிஸ்கட்டில் தண்ணீர் இறங்கிக் கூழாகியிருந்தது. அதிலிருந்து தேங்காயைக் கண்டாலே எனக்குக் குமட்டும். அந்த நாட்களில் எனக்குத் தேங்காய் உடைத்துக் கொடுத்தவன் ஆண்டனிதான். அவனை மட்டும் எப்படிப் பிடித்துப்போனது என்று எனக்கே தெரியவில்லை.

ஆகவே பிஸ்கட் கிடையாது, நாங்களே பரிசோதித்துத் தேர்ந்தெடுக்கிறோம் என்று அறிவித்துவிட்டேன். நான் வேலை பார்ப்பது ஒரத்தநாடு பக்கம் ஒரு மாட்டுத் தீவனக் கம்பெனியில். வருகிற புண்ணாக்கிலும் தவிட்டிலும் ஈரம் எவ்வளவு, பூசணம் பிடிக்குமா, வண்டு வைக்குமா என்று பார்ப்பதுதான் என் வேலை. மாடு தின்பதற்கு இவ்வளவு பார்க்கிறோம், மனுஷன் தின்பதற்குப் பார்த்தால் என்ன குறைந்துவிடும்.

ஆண்டனி மின்வாரியத்தில் ஒப்பந்த வேலை செய்கிறவன். புயல் அடித்து ஓய்ந்தால் முதலில் கம்பத்தில் ஏறுகிற ஆள். அவன் தன் பங்குக்கு நிபந்தனைகள் போட்டான். அடுப்பு மூட்டக் கூடாது. ஒரு கையால் எடுத்துத் தின்ன முடிய வேண்டும். உப்பு, காரம் ஆகாது, தின்றால் தாகமெடுக்கும், அன்றைக்குக் குடிதண்ணீருக்கு எங்கே போவது. பல் முளைக்காத பிள்ளைக்கும் பல் விழுந்த பெரியவர்களுக்கும் ஏதாவது வழி இருக்க வேண்டும். அவன் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எனக்கு அவனை அங்கேயே கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. பயிற்சி கொடுத்தவர் பக்கத்தில் நின்றதால் தலையை மட்டும் ஆட்டினேன்.

அப்புறம் நடந்த வாரங்கள் என் வாழ்க்கையிலேயே குஷியான வாரங்கள். ஒவ்வொரு பலகாரத்திலும் இரண்டு டப்பா. ஒன்று எங்கள் வீட்டுக் குளியலறைக்கு மேலே பரணில், அதைவிட ஈரமான இடம் எங்கள் ஊரில் வாய்க்கால்தான். இன்னொன்று ஆண்டனியின் வண்டிப் பெட்டியில், வெயிலும் மழையும் குலுக்கலும் பட. ஞாயிற்றுக்கிழமை அவன் பூசை முடிந்து வந்ததும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று இரண்டு டப்பாவையும் திறப்போம். மூடியைத் திறக்கும்போது எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். பலகாரத்துக்காகப் பாதி, பக்கத்தில் நிற்கிறவனுக்காகப் பாதி. தெருவில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, இந்த வாரம் எது அவுட் என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

முறுக்கு முதலில் காறிப்போனது. அதிரசத்தின் மேல் வெள்ளையாகப் பூசணம். கடலை மிட்டாய் அழுது வடிந்து ஒரே பலகையாக ஒட்டிக்கொண்டது. ரவா லாடு வண்டிப் பெட்டியில் குலுங்கி ஆற்று மணலாகியிருந்தது. பேரீச்சம்பழம் கெடவில்லை. ஆனால் திறக்கும்போதெல்லாம் வண்டிப் பெட்டி டப்பா காலியாக இருந்தது, ஆண்டனியோடு வேலை செய்கிறவர்கள் எடுத்துவிட்டார்களாம். பரிசோதனைக்கு வைத்ததைத் தின்ன விடுகிறவனுக்குப் பொறுப்பாளர் பதவி எதற்கு என்று நான் குதித்தேன். அவன் சிரித்தான்.

“நல்லா இருக்குறது மிஞ்சாது செம்மொழி. கெடாததாவும் இருக்கணும், பாத்த ஒடனே எவனுக்கும் திங்கத் தோணாததாவும் இருக்கணும்.”

அவன் அதைச் சொன்னதும் எனக்கு என் மேசை இழுப்பறை ஞாபகம் வந்தது. எங்கள் கம்பெனியில் ஒரு அக்கா தன் வளைகாப்புப் பலகாரம் என்று எல்லோருக்கும் ஒரு பொட்டலம் கொடுத்திருந்தார். அதிலிருந்த பொருள்விளங்கா உருண்டையைக் கடிக்க முயன்று பல் கூசியதால் உள்ளே போட்டேன். அந்தப் பிள்ளை இப்போது நடக்கிறது. மறுநாள் காலை ஓடிப்போய் இழுப்பறையைத் துழாவினேன். சோதனைக் குழாய்களுக்கு அடியில், போட்டது போட்டபடி, அதே நிறத்தில் அது கிடந்தது. முகர்ந்தால் சுக்கு வாசனை, வறுத்த பயறு வாசனை, வெல்ல வாசனை. நான் போட்ட சத்தத்தில் மேலாளர் எழுந்து வந்துவிட்டார்.

தவிட்டுக்கு வைத்திருக்கும் அடுப்பில் ஒரு துண்டை வைத்து ஈரம் பார்த்தேன். இருக்கிறதா இல்லையா என்று தேடும் அளவுக்குத்தான் இருந்தது. கடையில் புதிதாக நாலு வாங்கி இரண்டைப் பரணிலும் இரண்டை வண்டிப் பெட்டியிலும் போட்டோம். ஒரு மாதம் குலுங்கியதில் பெட்டியில்தான் பள்ளம் விழுந்தது, உருண்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. தட்டிப் பொடியாக்கித் தண்ணீரில் கரைத்தால் பிள்ளைக்குக் கஞ்சி. முழுசாக வாயில் போட்டு ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டால் கரையக் கரையப் பசி அடங்கும். ஒரே ஒரு குறை, அதை வாயில் போட்டவரால் வெகுநேரத்துக்கு ஒரு வார்த்தை பேச முடியாது. எனக்கு அது பொருத்தமான தண்டனை என்றான் ஆண்டனி.

திருவிடைமருதூரில் ஞானாம்பாள் என்று ஒருவர் இருக்கிறார். சீர் பலகாரத்துக்குப் பேர்போனவர். கல்யாணம், வளைகாப்பு, நிச்சயம் எதுவானாலும் தஞ்சாவூர் வரைக்கும் அவருடைய வேன் போகும். கைபொறுக்கிற சூட்டில் பிடித்தால்தான் அந்த உருண்டை கல்லாக நிற்கும், அந்தப் பக்குவம் அவரிடம்தான் என்று கம்பெனி அக்கா சொன்னார். இரண்டு பேரும் லீவு போட்டுவிட்டு வண்டியில் கிளம்பினோம். வழியெல்லாம் சம்பா நட்டுப் பச்சை பிடித்திருந்தது. நடுவில் ஒரு மழை. கூரை தேடி ஒதுங்கலாம் என்று அவன் சொன்னான், வேண்டாம் ஓட்டு என்று நான் சொன்னேன். தெரிந்தவர்கள் யாரும் இல்லாத சாலையில் அவன் முதுகுக்குப் பின்னால் நனைந்துகொண்டு போனதை என்னால் மறக்கவே முடியாது.

ஞானாம்பாள் பாகு இறக்குகிற நேரத்தில் போய் நின்றோம். அவரும் நாலு பெண்களும் உள்ளங்கை சிவக்கச் சிவக்க உருட்டிக்கொண்டிருந்தார்கள். பத்து டப்பா வேண்டும், காற்றுப் புகக் கூடாது, தேங்காய்ச் சில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்றேன். தேங்காய் இல்லாமல் என்ன உருண்டை என்று முகத்தைச் சுளித்தார். புயல், பெட்டகம் என்று நான் ஆரம்பித்தபோது பாகு முறிந்துவிடும் என்று கையைக் காட்டி நிறுத்திவிட்டார். யார் வீட்டிலிருந்து யார் வீட்டுக்கு என்று மட்டும் கேட்டார். ஐயாவு வீட்டிலிருந்து அருள்சாமி வீட்டுக்கு, மாடியில் ஏற்றிவிட வேண்டும் என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். வெள்ளம் வந்தால் தண்ணீர் ஏறாத இடம் தெருவில் அந்த மாடிதானே.

அந்த வாரமே வங்கக்கடலில் காற்றழுத்தம் என்று செய்தி வந்துவிட்டது. கம்பிமேல் சாய்ந்த கிளைகளை வெட்ட ஆண்டனி காலையிலேயே போய்விட்டான். போகும்போது அம்மாவிடம், மாடி அறையைப் பெருக்கி வை, டப்பா வரும் என்று மட்டும் சொல்லியிருக்கிறான். என்ன டப்பா, யார் அனுப்புவது என்று விளக்கமாகச் சொல்ல அவனுக்கு வாய் வராது என்பதுதான் ஏற்கெனவே தெரிந்த கதையாயிற்றே. எனக்கும் கம்பெனியில் லீவு இல்லை. எங்கள் பெட்டகம் இன்றைக்கு நிறைந்துவிடும், புயலே வந்து பார் என்ற தெம்பில் வேலைக்குப் போனேன்.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினேன். டீக்கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவருக்கு ஒரு கன்னம் வீங்கியிருந்தது. பாவம், பல்வலி என்று நினைத்தேன். தண்ணீர்த் தொட்டியில் குடம் வைத்திருந்த மூன்று பேருக்கும் கன்னம் வீங்கியிருந்தது. மூன்று பேரும் ஒன்றும் பேசாமல் என்னையே பார்த்துச் சிரித்தார்கள். மாடு ஓட்டிக்கொண்டு வந்தவர் கையை மட்டும் உயர்த்தி ஆசீர்வாதம் செய்வதுபோல் காட்டிவிட்டுப் போனார். அவருக்கும் வீக்கம். பொன்னுக்கு வீங்கி ஊருக்கே வந்துவிட்டதோ என்று பயந்து நான் வேகமாக நடந்தேன். கடைசியில் பால் சொசைட்டி வானதி அக்காதான் வாயிலிருந்ததைக் கையில் எடுத்துக்கொண்டு என்னை நிறுத்தினார்.

“நல்லாருக்கு செம்மொழி. தேங்காதான் போடல, அதனாலென்ன. ரெண்டு பேரும் நல்லாருங்க.”

அவர் கையில் இருந்தது என் உருண்டை.

ஞானாம்பாள் எந்த டப்பாவையும் வெறுமனே வெளியே அனுப்புகிறவர் இல்லையாம். மூடிக்கு மூடி மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, கழுத்தில் மஞ்சள் நூல் கட்டி அனுப்பியிருக்கிறார். சீர் இரட்டைப்படையில் போகக் கூடாது என்று பத்துக்குப் பதினொன்றாக, ஒன்றை அவர் கணக்கில் சேர்த்திருக்கிறார். வேன்காரர் தெருவில் நின்று, ஐயாவு வீட்டிலிருந்து அருள்சாமி வீட்டுக்குச் சீர் என்று குரல் கொடுத்து இறக்கியிருக்கிறார். தெருவே வெளியே வந்துவிட்டது. இத்தனை வாரமாகத் தொட்டிக்குப் பக்கத்தில் டப்பா திறந்து திறந்து மூடினதெல்லாம் எதற்கு என்று அவர்களுக்கு அப்போது விளங்கிவிட்டதாம். ஆண்டனியின் அம்மா செபஸ்தியம்மாளுக்கும் பெட்டகத்தைப் பற்றித் தெரியாமல் இல்லை. ஆனால் புயலுக்கு வைப்பதற்கு யாராவது மஞ்சள் தடவுவார்களா என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். எங்கள் பக்கம் எந்தச் சாமி கும்பிட்டாலும் சீர் சீர்தான். வந்த சீரைப் பிரிக்காமல் வைத்தால் அனுப்பினவர்களை மதிக்கவில்லை என்று அர்த்தம். விளக்கு வைப்பதற்குள் தெருவுக்குக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்துவிட்டார்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். கடலில் புயல் சின்னம் நிற்கிறது, பெட்டகம் காலி. ஓடிப்போய் அவர்கள் வீட்டு வாசலில் நின்றேன். பதினொரு டப்பாவும் கழுவிக் கவிழ்த்திருந்தது. அவசர உணவு ஒரு மணி நேரத்துக்குள் தெருவில் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர வேண்டும் என்று பயிற்சியில் சொன்னார்களே, அதை இவ்வளவு சுத்தமாக வேறு யாராலும் செய்திருக்க முடியாது. செபஸ்தி அத்தை என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொண்டார். கத்த வேண்டும் என்று வந்தவள் கத்தவில்லை. அந்தக் கை அவ்வளவு இறுக்கமாக இருந்தது. உள்ளே அருள்சாமி மாமா ஒரு உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

வெளியே வந்து ஆண்டனிக்குப் போன் போட்டேன். விஷயம் அதற்குள் அவன் ஏறியிருந்த கம்பத்துக்கே போயிருந்தது. காற்றுச் சத்தத்தில் அவன் குரல் விட்டு விட்டுக் கேட்டது. அது புயலுக்கு வாங்கியது, ஞானாம்பாள் பழக்கத்தில் பொட்டு வைத்துவிட்டார் என்று சொன்னால் எல்லாம் அடங்கிவிடும், ஒருவரும் ஒன்றும் சொல்ல முடியாது, அதுதானே உண்மை என்றேன். அவன் கம்பத்தை விட்டு இறங்கிவிட்டுப் பேசினான்.

“நீ என்ன சொல்லுறியோ அதத்தான் நானும் சொல்லுவேன். யோசிச்சுச் சொல்லு.”

தெருவைக் கடந்து எங்கள் வீட்டுக்குள் போனேன். அம்மா காளியம்மாள் கதவை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். வயலுக்குப் போய்விட்டு வந்தவளுக்கு, தன் மகளின் நிச்சயப் பலகாரம் எதிர்வீட்டிலிருந்து வந்துதான் விஷயமே தெரிந்திருக்கிறது. திட்டுவாள் என்று பார்த்தால் ஒரு வார்த்தை வரவில்லை. அவள் கன்னமும் வீங்கியிருந்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வயலிலிருந்து வந்த கால்கூடக் கழுவவில்லை. உள்ளங்கையில் ஒரு உருண்டை. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஓரத்தில் குங்குமம் ஒட்டியிருந்தது. நான் எதிரே போய் நின்றதும் நிமிர்ந்தார். கோபமாக இருக்கிறாரா என்று தெரியவில்லை. எனக்குத் தெரியாமல் போனது அன்றைக்குத்தான் முதல் தடவை.

“நான் இன்னும் திங்கல செம்மொழி. இது எதுக்குன்னு நீ சொல்லு. புயலுக்குன்னா கொண்டுபோயி டப்பாவுல போட்டுடுறேன். ஊரு வாய நான் பாத்துக்குறேன். வேற எதுக்காச்சும்னா, தின்னுடுறேன்.”

தப்பிக்க வழியை அவரே திறந்துவைத்துவிட்டார். புயலுக்கு என்று ஒரே சொல் சொன்னால் போதும், அது பொய்யும் இல்லை. ஆனால் அந்தச் சொல்லைச் சொன்னால் அப்புறம் எந்தக் காலத்திலும் மற்றதைச் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. எதிர்வீட்டில் ஒருவர் கையிலும் ஒரு உருண்டை காத்திருப்பது ஞாபகம் வந்தது. எனக்கு வந்தது சந்தோஷமா பயமா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை.

“தின்னுங்கப்பா” என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். குங்குமத்தைத் துண்டால் துடைத்தார். உருண்டையை வாயில் போட்டு ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார். கதவோரம் அம்மா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

அப்போது வாசலில் ஆள் நிழல் விழுந்தது. அருள்சாமி மாமா. தோளில் ஒரு வெல்ல மூட்டை. தேர்தலுக்குப் பிறகு எங்கள் வாசல் பக்கமே திரும்பாதவர், நிலைப்படியில் ஒரு கை வைத்து நின்றார். அவருடைய கன்னமும் உப்பியிருந்தது. உள்ளே இருந்ததைக் கையில் எடுத்துக்கொண்டு, எங்கள் யாரையும் பார்க்காமல் அப்பாவை மட்டும் பார்த்துச் சொன்னார்.

“டப்பாவெல்லாம் காலியாக் கெடக்கு மச்சான். புயலுக்குள்ள ரொப்பணும்ல.”

அப்பா பதில் சொல்லப் பார்த்தார். வாய் திறக்க முடியவில்லை. கண்தான் கலங்கியது. பக்கத்திலிருந்த இன்னொரு நாற்காலியைக் காலால் இழுத்துப் போட்டு, அதன் மேல் இரண்டு தட்டுத் தட்டினார்.